நேராக நின்ற மேஜை

இந்த ஊரில் யாரும் மேஜை முன் சும்மா உட்கார்வதில்லை. முதலில் விரல் முட்டியால் இரண்டு தட்டு, பிறகுதான் உட்காருவது. வங்கியிலும் அப்படித்தான், பல் மருத்துவரின் அறையிலும் அப்படித்தான். தேர்வெழுதும் பிள்ளைகள்கூட மேற்பார்வையாளர் முறைப்பதைப் பொருட்படுத்தாமல் தட்டிவிட்டுத்தான் பேனாவைத் திறக்கும். தட்டியவர் எதிரில் இருப்பவரைப் பார்த்து, "நம்ம மரம்" என்பார். எதிரில் இருப்பவர், "பின்ன?" என்பார். அதற்குப் பிறகே பல்லைப் பிடுங்குவதோ படிவத்தை நிரப்புவதோ.

ஊர்மரம் என்று அவர்கள் சொல்லும் அந்த மரம் இந்த ஊரையும் சுற்றியுள்ள நான்கு குன்றுகளையும் விட்டால் வேறெங்கும் தானாக முளைப்பதில்லை. அதில் பொய்யில்லை. நகர்மன்ற முத்திரையிலும், பேருந்தின் பக்கவாட்டிலும், கைப்பந்து அணியின் பனியனிலும் அதன் மூன்று முனை இலை இருக்கிறது. பழத்தை மனிதர்கள் தின்ன முடியாது. பறவைகளும் ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுகின்றன. பூக்கும் பத்து நாட்களும் ஊரே தும்மும். வெளியூர்க்காரர் தும்மினால் பழகாத உடம்பு என்பார்கள். உள்ளூர்க்காரர் தும்மினால் சளி என்பார்கள். மரத்தின் மேல் பழி விழாது.

ஆனால் ஊரார் எல்லாவற்றுக்கும் மேலாகப் பெருமையடித்துக்கொள்வது அதன் பலகையைப் பற்றி. வளையாது, வெடிக்காது, ஆடாது. சாட்சி வேண்டுமென்றால் நகர்மன்றத்தின் பெரிய மேஜை இருக்கிறது. வெளியூரிலிருந்து யார் வந்தாலும், குடிக்கத் தண்ணீர் கொடுப்பதற்கு முன் தலைவர் அவரை அந்த மேஜைக்கு அழைத்துப் போவார். தலைவர் தொழிலால் மருந்துக்கடைக்காரர். மாத்திரை எண்ணுகிற நிதானத்தோடு சட்டைப் பையிலிருந்து ஓர் உருண்டைப் பென்சிலை எடுத்து மேஜை நடுவில் வைப்பார்.

"உருளுதா பாருங்க."

"இல்லையே."

"உருளாது. முப்பத்தெட்டு வருஷமா உருளல."

அந்த மேஜையைச் செய்தவர் பெரிய மேஸ்திரி. வயது எழுபத்து நான்கு. தச்சுப் பட்டறையை மகளிடம் விட்டுப் பத்தொன்பது வருடம் ஆகிறது. விட்டாரே தவிர, இடத்தை விட்டு எழுந்து போகவில்லை. காலை எட்டு மணிக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, மகள் போடும் ஒவ்வொரு கோட்டையும் கண்ணாலேயே திருத்திக்கொண்டிருப்பார். மகளுக்கு நாற்பத்தைந்து வயது. ஊரார் அவளைச் சின்ன மேஸ்திரி என்கிறார்கள். பட்டறையில் மூன்றாவது ஆள், சாயமும் மெருகும் போடுகிறவர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் நினைவில்லை. வார்னிஷ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

இந்த மூன்று பேருக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும். நகர்மன்ற மேஜை ஊர்மரத்தில் செய்ததல்ல. வங்கி மேஜையும் அல்ல. பல் மருத்துவருடையதும் அல்ல. ஊரில் இரண்டு தட்டு வாங்குகிற எதுவுமே அல்ல.

மேஸ்திரி முதலில் நியாயமாகத்தான் தொடங்கினார். முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன் மன்றத்துக்கு மேஜை கேட்டபோது, ஊர்மரத்தை அறுத்து, ஒரு வருடம் நிழலில் உலர்த்தி, கச்சிதமாக ஒரு மேஜை செய்து கொடுத்தார். இரண்டு மாதத்தில் அது முறுக்கிக்கொண்டு, தெருநாயைப் போல ஒரு காலைத் தூக்கியது. மூன்றாவது மாதம், கூட்டத்தின் நடுவில் மைப்புட்டி தானாக உருண்டு போய் அன்றைய தலைவரின் வெள்ளைச் சட்டையில் கவிழ்ந்தது. மேஸ்திரி ஒரு விடுமுறை நாளில் போய், கால் ரிப்பேர் என்று சொல்லி மேஜையை எடுத்து வந்தார். திரும்பிப் போனது வேறு மேஜை. ஊர்மரத்தை அடக்கிய கைக்காரர் என்று மன்றம் அவருக்குப் பாராட்டுத் தீர்மானம் போட்டது. தீர்மானம் போட்ட பிறகு உண்மையைச் சொல்ல நல்ல சமயம் வாய்க்கவில்லை. இன்றுவரை வாய்க்கவில்லை.

வேறு மேஜைக்கான பலகை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வந்தது. அந்த ஊருக்கும் சொந்தமாக ஒரு மரம் உண்டு. நெடுநெடுவென்று நேராக வளரும். கொடிக்கம்பம் நடத்தான் லாயக்கு என்று இந்த ஊரில் கேலி செய்வார்கள். கொடிக்கம்ப மரம் மாதம் ஒருமுறை தார்ப்பாய் போர்த்திய வண்டியில் பட்டறையின் பின்வாசலில் இறங்கியது. வார்னிஷ் அதற்குக் கெட்டித் தேயிலைச் சாற்றைப் பூசி, ஊர்மரத்தின் செம்பழுப்பைக் கொண்டுவந்தார். விழுந்த ஊர்மரங்களை நகர்மன்றம் பட்டறைக்குத்தான் அனுப்பும். அவற்றைப் பிளந்து எரித்துத்தான் அந்தத் தேயிலையைக் காய்ச்சினார்கள். ஆகவே ஊர்மரத்துக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டி, தலைநகரத்து அருங்காட்சியகத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தில் முட்டி நின்றது.

தலைவர் கடிதத்தோடு பட்டறைக்கே வந்துவிட்டார். புதிதாகத் திறக்கப்போகும் கூடத்தில், சொந்த மரம் உள்ள ஒவ்வோர் ஊரும் அந்த மரத்தில் செய்த ஓர் இருக்கையை வைக்கலாம். ஒருவர் உட்காரக்கூடியதாக இருந்தால் போதும். பத்து வாரம் அவகாசம். தலைவர் கடிதத்தை நின்றபடி சத்தமாக வாசித்தார். நல்ல இடங்களை இரண்டு முறை வாசித்தார்.

"முப்பத்தோரு ஊர் வருதாம். நாப்பது பேருக்கு பஸ் சொல்லிட்டேன். அக்கரைக்காரங்களும் வர்றாங்க. பாக்கட்டும். பெரியவரே, நீங்க முன் சீட்டு."

"எனக்கு பஸ்ல தலை சுத்தும்" என்றார் பெரிய மேஸ்திரி.

"மாத்திரை நான் தர்றேன்."

தலைவர் அருகில் கிடந்த பாதி முடிந்த அலமாரியை இரண்டு தட்டு தட்டி, கண்ணை மூடி ஒரு நொடி ரசித்துவிட்டுப் போனார். அது முந்தைய வாரம் ஆற்றைக் கடந்து வந்தது.

சின்ன மேஸ்திரி கடிதத்தை எடுத்து, தலைவர் வாசிக்காமல் விட்டதை வாசித்தாள். பின்பக்கத்தில், பொடி எழுத்தில், ஒன்பதாவது விதி. ஒவ்வோர் இருக்கையின் அடிப்பக்கத்திலிருந்தும் நகக்கண் அளவு சீவல் எடுத்துச் சோதனைக்கூடத்தில் பார்ப்பார்கள். எந்த மரம் என்பதை இருக்கைக்குப் பக்கத்திலேயே அட்டையில் எழுதி வைப்பார்கள்.

"அப்பா."

"கேட்டுச்சு. எப்பவும் போல செஞ்சிடு."

"சீவி எடுத்து பாக்கப் போறாங்கப்பா. பூதக்கண்ணாடியில."

"வார்னிஷ் ரெண்டு பூச்சு கூடப் போடுவான்."

"உள்ள எப்படிங்க பூசறது?" என்றார் வார்னிஷ். தன் தொழிலுக்கு ஓர் எல்லை இருப்பதை அவர் ஒப்புக்கொண்டது அன்றுதான்.

பெரிய மேஸ்திரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகளுக்கு நிலைமை தெளிவாகவே புரிந்தது. அக்கரை மரத்தை அனுப்பினால், முப்பத்தோரு ஊர்களின் முன்னால் அட்டையில் எழுதி வைப்பார்கள். அப்பாவின் பெயர் அன்றோடு போச்சு. ஊர்மரத்தை அனுப்பினால் அது அங்கே போய்க் காலைத் தூக்கும். இரண்டும் வேண்டாமென்றால், அப்பா முடியவில்லை என்று ஒதுக்கிய மரத்தை அவள் நிற்க வைக்க வேண்டும். பத்து வாரத்தில்.

பின்கட்டில் விறகுக்காக அடுக்கியிருந்த கட்டைகளில், நான்கு வருடமாக உலர்ந்து கிடந்த ஒன்றை அவள் தேர்ந்தெடுத்தாள். முதல் நாற்காலி பன்னிரண்டு நாளில் முடிந்தது. மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் நூல் பிசகவில்லை. முடிந்த ஒன்பதாவது நாள் மழை பெய்தது. மறுநாள் காலை நாற்காலியின் ஒரு முன்கால் தரையில் இல்லை.

இரண்டாவதற்கு அடியில் இரும்புப் பட்டை அடித்து இறுக்கினாள். அது பதினைந்து நாள் பொறுத்துக்கொண்டது. பிறகு ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பட்டாசு போலச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் இருக்கைப் பலகை குறுக்கே பிளந்திருந்தது. ஓர் ஆணி எதிர்ச் சுவரில் இருந்தது.

அவள் கணவர் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். வண்டிகள் தாமதமாக வருவதைப் பார்த்துப் பார்த்தே எதற்கும் பதறாத மனிதர். அவர் வந்து பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"இது அப்படியே உங்கப்பா மாதிரி. இறுக்கிப் பிடிச்சா வெடிக்குது, விட்டா திரும்பிக்குது."

"ரொம்ப முக்கியம்."

"இல்ல, எப்பவும் ஒரே பக்கந்தான் திரும்புது. உங்கப்பா கோவம் வந்தா ஜன்னல் பக்கம் திரும்பற மாதிரி."

அவள் அவரை விரட்டிவிட்டு, பிளந்த பலகையையும் முதல் நாற்காலியின் பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் இடது பக்கமாகவே முறுக்கியிருந்தன. பின்கட்டுக்குப் போய்ப் பழைய கட்டைகளைப் புரட்டினாள். எல்லாம் இடது. மரம் தன் மனம்போலத் திரும்பவில்லை. அதற்கென்று ஒரு திசை இருந்தது. இத்தனை வருடமாக யாரும் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது பலகையை அவள் அடக்கப் பார்க்கவில்லை. ஈரச் சாக்கில் இரண்டு நாள், அடுப்படியில் இரண்டு நாள் என்று மாறி மாறி வைத்து, முறுக்கிக்கொள்கிற வரை முறுக்கிக்கொள்ளட்டும் என்று விட்டாள். மூன்று வாரத்தில் அது ஒரு பெரிய இலை போலத் திரும்பி, அதற்கு மேல் மெதுவானது. அதன் பள்ளத்தை இருக்கையாக இழைத்தாள். அடியில் மூன்றே மூன்று துளை.

பெரிய மேஸ்திரி அதுவரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது துளைக்குப் பிறகு உளிச் சத்தம் நின்றுவிடவே, திரும்பினார்.

"நாலாவது எங்க?"

"அவ்வளவுதான்பா. மூணு கால்."

"மீன் விக்கிறவங்க உக்கார்ற ஸ்டூலா?"

"ஆமா. மூணு கால் எந்தத் தரையிலயும் ஆடாது. பலகை எப்படித் திரும்பினாலும் மூணும் தரையில இருக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரிந்ததுதான். எந்தத் தச்சருக்கும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும் விஷயம். நகர்மன்றத்துக்கு மேஜை செய்கிறவர் மீன்கடையை நினைத்துக்கூடப் பார்க்கமாட்டார் என்பதுதான் இவ்வளவு காலமும் நடந்தது. பெரிய மேஸ்திரியின் குரல் இறங்கியிருந்தது.

"அங்க போய் இது கோணிக்கிட்டு நிக்கும். நம்ம மரம் இப்படித்தான்னு எழுதி வைப்பாங்க. சரி. அப்புறம் இங்க இருக்கறதெல்லாம் ஏன் கோணலன்னு ஒருத்தன் கேப்பான்ல?"

"கேப்பான்."

"நீ என்ன சொல்லுவ?"

"நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"வேணாம்னு சொன்னா?"

"சொல்லுங்க. அக்கரை மரத்துல ஒண்ணு செஞ்சு தர்றேன், நாலு காலோட. சோதனைக்கூடத்துக்காரங்க நமக்காகச் சொல்லிடுவாங்க."

வார்னிஷ், காய்ந்துபோன பிரஷ் ஒன்றை மிகுந்த கவனத்தோடு கழுவ ஆரம்பித்தார். பெரிய மேஸ்திரி எழுந்து வந்தார். பலகையின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தடவினார். துளைகளின் சாய்வைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"இடது கால இன்னும் கொஞ்சம் அகட்டி வை" என்றார். "இல்லன்னா குண்டா ஒருத்தர் உக்காந்தா சாயும். தலைவர்தான் மொதல்ல உக்காருவாரு."

இருக்கையைச் சோதனைக்காகத் தலைநகரத்துக்கு அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்னதாகத் தலைவர் வந்தார். இருக்கையை ஒருமுறை சுற்றி வந்தார்.

"இது ஏன் கோவிச்சுக்கிட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்குது?"

"நம்ம மரம் இப்படித்தான் தலைவரே" என்றாள் சின்ன மேஸ்திரி.

"நம்ம மரமா?"

"தட்டிப் பாருங்க."

தலைவர் தட்டினார். வழக்கமான கணீர் சத்தம் வரவில்லை. ஈரத் துணி மூட்டையைத் தட்டியதுபோலப் பொத்தென்று ஒரு சத்தம் வந்தது. ஆனால் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஊர்மரத்தின் சத்தத்தை அடையாளம் சொல்வேன் என்று அவர் இருபது வருடமாக மேடைதோறும் சொல்லி வருகிறார். இன்னொரு முறை தட்டினார். பட்டறையில் இருந்த மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"பின்ன?" என்றார் தலைவர் கடைசியில். "கேட்டாலே தெரியுதே."

உட்கார்ந்தும் பார்த்தார். ஆடவில்லை. இதமாகவும் இருந்தது. அதைச் சொன்னால் எதையோ ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தோ என்னவோ, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

அருங்காட்சியகக் கூடத்தில் முப்பத்தோரு இருக்கைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் அட்டை குப்புறக் கிடந்தது. ஊருக்கு ஒரு கூட்டமாக மக்கள் நின்றிருந்தார்கள். இந்த ஊர்க்காரர்கள் நாற்பது பேரும் ஒருவர் தோளுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டிருந்தார்கள். மற்ற ஊர்களின் நாற்காலிகள் தேர் மாதிரி நிமிர்ந்து மின்ன, தங்களுடையது மட்டும் காற்றில் பறந்துவந்து மாட்டிக்கொண்ட இலை போல நின்றதை அப்போதுதான் பார்த்தார்கள். சின்ன மேஸ்திரியின் தலைக்குப் பின்னால் முணுமுணுப்பு எழுந்தது.

"மூணு கால்தான் வெச்சிருக்கு. நாலாவதுக்கு நேரம் பத்தலையாக்கும்."

"பெரிய மேஸ்திரி செஞ்சிருந்தா இப்படியா இருக்கும்?"

முன் சீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருந்த பெரிய மேஸ்திரி, இதைக் கேட்டுவிட்டுத் தன் செருப்பைப் பார்த்தார்.

மர ஆய்வாளர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த ஓர் அம்மாள், வரிசையாக அட்டைகளை நிமிர்த்திக்கொண்டே வந்தார். முதல் ஊரின் நாற்காலி தோட்டத்தில் பயிர் செய்யும் மலிவு மரம் என்று அட்டை சொன்னது. இரண்டாவதும் அதே. மூன்றாவது, கப்பலில் வந்த ஏதோ ஒரு மரம். கூடத்தில் இருமல்கள் பெருகின. முப்பத்தொன்றில் இருபது அட்டைகள் இப்படி இருந்தன. அக்கரை ஊரின் அட்டையும் அவற்றில் ஒன்று.

அக்கரைத் தச்சர் சின்ன மேஸ்திரியின் அருகில்தான் நின்றுகொண்டிருந்தார். சங்கடத்தை மறைக்க யாரிடமாவது பேச வேண்டியிருந்தது அவருக்கு.

"எங்க மரம் எங்கம்மா கிடைக்குது? மர டிப்போவுல இறங்கறதுக்கு முன்னாடியே யாரோ மொத்தமா வாங்கிட்டுப் போயிடறாங்க."

"அப்படியா?" என்றாள் சின்ன மேஸ்திரி. "யாராம்?"

"தெரியல. தார்ப்பாய் போட்ட வண்டியாம்."

"காலம் கெட்டுக் கிடக்குது" என்றார் வார்னிஷ்.

ஆய்வாளர் அம்மாள் மூன்று கால் இருக்கையின் முன் நின்று அட்டையை நிமிர்த்தினார். ஊர்மரம், ஐயமில்லை. பிறகு அவராகவே குனிந்து, பலகையின் திருப்பத்தை விரலால் தொடர்ந்து போய்ப் பார்த்தார்.

"சோதனை பண்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். இந்த மரத்தோட இழை இடது பக்கமா முறுக்கிக்கிட்டுத்தான் வளரும். நேரா நின்னாத்தான் சந்தேகப்படணும். இதைச் செஞ்சவங்க மரத்தோட சண்டை போடல. யாரு செஞ்சது?"

நாற்பது பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். "எங்க சின்ன மேஸ்திரி" என்றார், நாலாவது காலைத் தேடியவர்.

திரும்பும் வழியில் பேருந்து முதல் ஒரு மணி நேரம் குதித்துக்கொண்டு வந்தது. நேராக நிற்பது என்ன பெரிய விஷயம், கம்பம்கூடத்தான் நேராக நிற்கும் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டாவது மணி நேரத்தில் பேச்சு குறைந்தது. தலைவர் சட்டைப் பையிலிருந்த உருண்டைப் பென்சிலை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தார். வேறு சிலரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, மனதுக்குள் தங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் மேஜையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். ஊர் நெருங்கும்போது தலைவர் பக்கத்து இருக்கைக்காரரிடம், "அந்தம்மா என்ன சொன்னாங்க, நேரா நின்னா...?" என்று கேட்டார். பெரிய மேஸ்திரி தூங்குவதுபோல இருந்தார். கண் இமை மட்டும் தூங்கவில்லை.

மறுநாள் காலை பட்டறை வாசலில் கூட்டம். ஆளுக்கொரு நாற்காலியோ ஸ்டூலோ கையில். பள்ளித் தலைமையாசிரியை இரண்டு பேரை விட்டு ஓர் எழுது மேஜையைத் தூக்க வைத்திருந்தார்.

"மேஸ்திரி, இது வாங்கி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. இன்னும் கொஞ்சங்கூட வளையல. என்ன கோளாறுன்னு பாருங்க."

"எங்களுதும் அப்படியேதான் இருக்கு" என்றார் பல் மருத்துவர். "ரசமட்டம் வெச்சுப் பாத்துட்டேன். துளி சாயல."

சின்ன மேஸ்திரி அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்த இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இடம் விட்டு ஒதுங்கி நின்றாள். பெரிய மேஸ்திரி எழுந்து வர வழக்கத்தைவிட நேரம் பிடித்தது.

"கோளாறு ஒண்ணும் இல்ல" என்றார். "எதுவுமே நம்ம மரம் இல்ல. எல்லாம் அக்கரை மரம். நான்தான் மாத்தினேன். மன்றத்து மேஜையும் அதுதான். மொத மேஜை கோணிக்கிச்சு, எனக்கு வழி தெரியல, சொல்லவும் தைரியம் வரல. இவ பேரில தப்பு இல்ல. நான் விட்டுட்டுப் போனதைத்தான் அவ செஞ்சா. வேற என்ன கேக்கணுமோ என்னைக் கேளுங்க."

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. கடைசியில் தலைமையாசிரியைக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது.

"அப்ப, நாங்க தட்டினப்ப கேட்டுச்சே, அந்தச் சத்தம்?"

"அது உங்க விரல் சத்தம்" என்றார் பெரிய மேஸ்திரி.

"அந்தக் கலரு?"

"டீ" என்றார் வார்னிஷ், மறைக்க இனி ஒன்றுமில்லை என்ற நிம்மதியோடு.

கோபப்பட்டவர்கள் இருந்தார்கள். ஒருவர் நாற்காலியை வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார், வீட்டில் உட்கார வேறு இல்லை. அக்கரைக்காரர்களுக்கு விஷயம் போய்விடக்கூடாது என்று உடனே ஒரு பேச்சு எழுந்தது. அதைப் பேசியதில் பாதிக் கோபம் கரைந்தது. பல் மருத்துவர் மட்டும் கூட்டம் கலையும் வரை காத்திருந்து, சின்ன மேஸ்திரியின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அவசரம் இல்ல. கோணலா ஒண்ணு எப்ப கிடைக்கும்?"

அன்று சாயங்காலத்துக்குள் பதினேழு பேர் அதையே கேட்டிருந்தார்கள். எவ்வளவு கோணல் என்பதில் மட்டும் வித்தியாசம் இருந்தது. தலைமையாசிரியை பக்கத்து வீட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டார்.

தலைவர் இரண்டு நாள் மருந்துக்கடையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார். பெரிய மேஸ்திரியின் எதிரில் உட்கார்ந்து, ஏதோ தீர்மானம் வாசிப்பதுபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெரியவரே, உங்க பாராட்டுத் தீர்மானத்தை ரத்து பண்ணலாம்னு சிலர் சொல்றாங்க."

"பண்ணுங்க."

"பண்ண முடியாது. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தின ஃபைலை எலி தின்னுடுச்சு. மன்றத்துக்குப் புது மேஜை வேணும். நம்ம மரத்துல. மூணு காலோட."

"அவகிட்ட சொல்லுங்க. நான் இப்ப ஜன்னல் ஓரம்."

"பழசை என்ன பண்றது? அக்கரை மரத்தை மன்றத்துல வெச்சுக்க முடியாது."

பெரிய மேஸ்திரி, தலைவர் வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எனக்குக் குடுத்துடுங்க. மரம் வேற ஊருதான். வேலை என்னுது."

மேஜையைத் தூக்கிவர ஆறு பேர் தேவைப்பட்டார்கள். அதைப் பட்டறையின் ஜன்னலோரம் போட்டார்கள். புது மேஜை மன்றத்துக்குப் போனது. முதல் மழையில் அது இடது பக்கமாக ஓர் அங்குலம் திரும்பியது. கூட்டத்தில் தலைவரின் தண்ணீர்க் குவளை மெதுவாக நகர்ந்து, சுகாதாரக் குழு உறுப்பினரின் முன்னால் போய் நின்றது. உறுப்பினர்கள் ஒரு கையால் தங்கள் காகிதங்களைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மேஜையைத் தட்டினார்கள். இப்போதெல்லாம் வெளியூரிலிருந்து யார் வந்தாலும் தலைவர் அந்த மேஜைக்குத்தான் அழைத்துப் போகிறார். பையிலிருந்து பென்சிலை எடுத்து நடுவில் வைக்கிறார்.

"உருளுதா பாருங்க."

"உருளுதே."

"உருளும்" என்கிறார் தலைவர்.

பட்டறையில் சின்ன மேஸ்திரி பதினோராவது கோணல் இருக்கைக்குத் துளையிட்டுக்கொண்டிருந்த ஒரு நாள், பெரிய மேஸ்திரி பழைய மேஜையின் மேல் தன் பென்சிலை வைத்தார். அது வைத்த இடத்தில் கிடந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மகள் தலை குனிந்திருக்கிறாளா என்று பார்த்தார். குனிந்திருந்தாள். விரல் முட்டியால் மேஜையை இரண்டு தட்டு தட்டினார்.

"எப்படிப்பா இருக்கு சத்தம்?" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமலே.

"விரல் சத்தந்தான்" என்றார் அவர். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், இடது பக்கமாக.